எந்த நாட்டுக்காரன் என்று எழுதுவாய்

காஜா பெராங், மலாக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். மளிகைக்கடைக் கணக்கப்பிள்ளையின் கை இல்லை இது, என் கை. அதனால்தான் எழுத்துகள் கொட்டகைக்குள் நுழையும் மாடுகளைப்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளாகத்தான் வாங்கினேன், இருந்தும் வரி மேலே ஏறப் பார்க்கிறது. மாட்டுக் கயிறு பிடித்துப் பழகிய கை பேனாவையும் அதே பலத்தோடு பிடிக்கிறது, ஒரு நிப்பை ஏற்கெனவே உடைத்துவிட்டேன். பிழை இருக்கும் இடத்தில் நீயே மனசுக்குள் திருத்திக்கொண்டு படி. இந்தப் பக்கத்தை முடிக்கவே எனக்கு இரண்டு சாயங்காலம் ஆகும்போலிருக்கிறது.

சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பில் நான் சேர்ந்ததை உன் தங்கை மீனா எழுதியிருப்பாள். பாதிப் பேர் நரைத்த தலைகள். சலவைக்கார முத்து போடும் 'அ' வாத்துபோல இருக்கும். அவர் என் 'இ'யைப் பார்த்துச் சிரிப்பார். வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது தெரு முழுவதும் இப்போது என்னிடம் பேசுகிறது. நானாகப் படித்த முதல் பலகை எது தெரியுமா? மார்க்கெட் சுவரில் நகரசபை நாலு மொழியில் எழுதி வைத்திருக்கிறதே, 'இங்கே எச்சில் துப்பக் கூடாது' என்று, அதுதான். இத்தனை வருஷமாக வெற்றிலை எச்சிலை அந்தப் பலகைக்குக் கீழேதான் துப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நின்ற இடத்தில் நின்று சிரித்தேன். மீன்கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வயசில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன் கடிதத்தையும் நானேதான் படித்தேன். மீனா வந்து, "குடுங்கப்பா, நான் படிக்கிறேன், நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அண்ணன் பட்டமே வாங்கிடுவான்" என்றாள். தரவில்லை. கொட்டகையில் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து, விரலை வைத்து வைத்துப் படித்தேன். முடித்தபோது, இதற்குப் பதிலைக் கணக்கப்பிள்ளையின் எதிரே உட்கார்ந்து சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அவர் நல்லவர்தான். ஆனால் நான் சொல்லத் தயங்கும் இடங்களில் அவரே நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு நிரப்பிவிடுவார். தயங்குவதையும் இந்தத் தடவை நீ பார்க்கவேண்டும். இதை மறைத்து வைத்துக்கொள்ளாதே. உன் விடுதியில் பினாங்குப் பையன் ஒருவனுக்கும் இதே தொல்லை என்று எழுதியிருந்தாயே, அவனுக்கும் படித்துக்காட்டு. அவன் அப்பாவுக்கு எழுதத் தெரியாமலிருக்கலாம்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கால்நடை மருத்துவம் படிக்க நீ மதராசுக்குப் போனபோது, அந்த ஊர்ப் பக்கம் பிறந்தவன் என்று காட்டும் பத்திரத்தைப் பார்த்துக் காலேஜில் உன்னை உள்ளூர்ப் பையனாகச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது நீ மலாயாவிலிருந்து வந்தவன், உன் பெட்டியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மலாயா தரும் சிவப்பு அடையாளக் கார்டு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 'நீ எந்த நாட்டுக்காரன், எழுதிக் கொடு' என்கிறார்கள். இந்தியக் குடிமகன் என்று பதிந்துகொண்டால் பழைய கட்டணத்திலேயே மிச்சமிருக்கும் இரண்டு வருஷத்தையும் முடித்துவிடலாம். இல்லை என்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். அது நம் மாடுகளையும் கொட்டகையையும் சேர்த்து விற்றாலும் எட்டாது. கோடை விடுமுறை முடிந்து காலேஜ் திறக்கும்போது பதில் வேண்டும் என்கிறார்கள். 'படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா அப்பா?' என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. எழுத்து கஷ்டமாக இல்லை.

நான் இங்கே குடியுரிமை ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன். துணைக்கு எதிர்வீட்டு பாக் வேலு வந்தார். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உனக்காக நான் போட்ட மனு இன்னும் கோப்பில் இருக்கிறதாம். ஆனால் நீ இன்னொரு நாட்டின் குடிமகன் ஆகிவிட்டால் அந்தக் கோப்பை மூடிவிடுவார்களாம். திரும்பி வருவதற்காக உன் கையில் கொடுத்திருக்கிறார்களே ஒரு பெர்மிட், அதன் கெடுவும் முடிந்துபோனால், பிறகு நீ இந்த ஊருக்குப் பார்வையாளனாகத்தான் வரமுடியுமாம். நான் கேட்டேன், "துவான், சொந்த வீட்டுக்கு வருகிறவன் எப்படிப் பார்வையாளன் ஆவான்?" என்று. அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்படி ஆனதற்கு ஒரு தொடக்கம் உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. உன் அம்மா மாசமாக இருந்தபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவள் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. சண்டை வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் அம்மாவுக்குக் கப்பல் என்றாலே பயம். நான்தான், வழக்கத்தை விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள், பெண்டாட்டிக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க வக்கில்லாதவன் என்று சொல்வார்கள் என்று ஏற்றி அனுப்பினேன். நாலு பேரில் ஒருவரும் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் தண்ணீர் தந்ததில்லை, அது வேறு. பாக் வேலு அப்போதே கேட்டார். அவர்கள் மலாக்கா செட்டிகள், சாமி நம் சாமி, வீட்டுப்பேச்சு மலாய், எத்தனையோ தலைமுறையாக இதே தெருதான். "ஹேய் சூசூ," என்றார். பாலுக்கு மலாய் வார்த்தை அது, என்னை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் மலாயில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் இங்கதான் பெத்துக்குறாங்க. அடுத்த ரூமுக்குப் போறாங்க, பெத்துட்டு வர்றாங்க. உன் பெண்டாட்டி மட்டும் ஏன் கடலத் தாண்டிப் போய்ப் பெக்கணும்?" நான் சிரித்துவிட்டு அவருக்கு ஊற்றும் பாலில் கொஞ்சம் கூடவே ஊற்றினேன்.

'ஆண் குழந்தை, இருவரும் நலம்' என்று ஒரு தந்தி வந்தது. அவ்வளவுதான். பெயர்கூட இல்லை அதில். பிறகு ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, தபால் நின்றது. நீ எப்படி இருப்பாய், யார் ஜாடை, உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. தந்தி வந்த அன்று உன் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து உத்தரத்தில் ஒரு தூளி கட்டினேன், நீங்கள் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று. அது அப்படியே தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்ததால் என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகவில்லை. மாடுகளில் பாதியைப் பட்டாளத்தார் ஓட்டிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை புக்கிட் கட்டில் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒளித்துக் கட்டினேன். வீட்டுக்கு வந்தால் யாருமில்லை. தூளிதான் இருந்தது.

தம்பி, இதை நான் உன் அம்மாவிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஒருநாள் சும்மா போகிறபோக்கில் அந்தத் தூளியை ஆட்டினேன். மறுநாளும் ஆட்டினேன். பிறகு தினமும். பாக் வேலுவின் சம்சாரம் கறி கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே, "ஜாங்கான்! ஜாங்கான்!" என்று கத்தினாள். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். வெறும் தூளியை ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது என்பது நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஆட்டினேன். ஏனென்றால் அதற்குள் அது எனக்கு வெறும் தூளியாக இல்லை. அதில் ஒரு பையன் இருந்தான். அவன் மெல்ல வளர்ந்து தூளியை விட்டு இறங்கினான். கொட்டகையில் கன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பால் கறக்கும்போது முதல் பீச்சலை ஒரு சிரட்டையில் பிடித்து அவனுக்கு என்று சுவரோரம் வைப்பேன். பூனைதான் குடித்திருக்கும். அவனுக்கு நான் ஒரு பெயரும் வைத்திருந்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது உன்னுடையது இல்லை, அவனுடையது.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும் கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்துக்கு உங்களை அழைக்க வந்தேன். உன் அம்மா இளைத்துக் கறுத்து இறங்கினாள். அவள் முந்தானைக்குப் பின்னால் ஒரு பையன். நான் கையை நீட்டினேன். நீ பின்னால் போனாய். "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன் முகத்தையே பார்த்தேன், நான் வளர்த்த பையனின் முகம் அதில் எங்காவது இருக்கிறதா என்று. இல்லை. அவன் என் ஜாடை. நீ உன் மாமன் ஜாடை. வீட்டுக்கு வந்ததும் தூளியை அவிழ்த்துப் போட்டேன். பையன் மட்டும் போகவில்லை. கொட்டகையிலேயே நின்றான். நீ அவன் அருகில் போய்க் கன்றைத் தடவினாய், உனக்கு அவன் தெரியவில்லை. ஆரம்பத்தில் நான் உன்னிடம் ஒட்டாமல் இருந்தேன் என்று நீ நினைத்திருந்தால், அது உண்மைதான். ஒரு பிள்ளையை வீட்டுக்குள் விடுவதற்காக இன்னொரு பிள்ளையை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நம் வெள்ளச்சி கன்று போடமுடியாமல் கிடந்த நாள்தான் அதை மாற்றியது. கால்நடை டாக்டர் வந்து தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். தெருப் பையன்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நீ டாக்டருக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்து, "உள்ள எது கால் எது தலைன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாய். அவர் உன் கண்ணை மூடச்சொல்லி, பிறந்த கன்றின் முட்டியையும் கணுக்காலையும் தொட்டுப் பார்க்க வைத்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ கண்ணை மூடிக்கொண்டு உன் தங்கையின் முட்டியைத் தடவிப் பார்த்தாய், அவள் உன் தலையில் கரண்டியால் அடித்தாள். அப்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து நீ என் மகன். இப்படி ஒரு அப்பன் சொல்லக்கூடாது, ஆனால் எழுதக் கற்றுக்கொண்டபின் பொய் எழுதவும் கூடாது.

சுதந்திரம் வந்த வருஷம் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் மேசை போட்டுக் குடியுரிமைக்குப் பதிந்தார்கள். பாக் வேலு முதல்நாளே வந்துவிட்டார். "பையன் இங்க பொறந்தான்னு சொல்லு. ஜப்பான்காரன் காலத்துப் பேப்பர யாரு பாக்கப்போறா? எம்பொண்டாட்டிதான் பிரசவம் பாத்தான்னு நான் வந்து சாட்சி சொல்றேன்." எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள், அவர்கள் பிள்ளைகள் இன்று குடிமக்களுக்கான நீலக் கார்டோடு இருக்கிறார்கள். எனக்கும் ஆசை. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எம்புள்ள இவங்க வீட்டுலயா பொறந்தான்? எங்கம்மா தூங்காம கூடக் கெடந்து, பத்தியம் வச்சுக் குடுத்து, இவன ஆளாக்கிட்டு, எங்களக் கப்பல் ஏத்த இருக்காம போய்ச் சேந்துட்டா. இப்ப அவ பாத்த பிரசவத்த அடுத்த வீட்டம்மா பாத்தான்னு சர்க்காருக்கு எழுதிக் குடுப்பீங்களா? அப்படி ஒரு கார்டு எனக்கு வேணாம், அவனுக்கும் வேணாம்."

பாக் வேலு தலையைச் சொறிந்தார். "சூசூ, உன் பொண்டாட்டிகிட்ட நீயே பேசிக்கோ," என்று போய்விட்டார். மறுநாள் வரிசையில் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரத் தம்பி, உன் வயசிருக்கும். மூத்த மகன் எங்கே பிறந்தான் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தபோது அந்தப் பையன், கொட்டகைப் பையன், மேசைக்குப் பக்கத்தில் நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வீட்டிலேயே பிறந்தவன், இந்தத் தெருவைத் தவிர ஒன்றும் பார்க்காதவன். அவனைக் காட்டி 'இங்கேதான்' என்று சொல்லியிருந்தால் அது எனக்குப் பொய்யாகவே இருந்திருக்காது. "டி இந்தியா, துவான்," என்றேன், இந்தியாவில் ஐயா என்று. அந்தத் தம்பி பேனாவைக் கீழே வைத்தார். இவன் பெயரை இந்தத் தாளில் சேர்க்கமுடியாது, பிறந்த பத்திரத்தை வரவழைத்துத் தனியாக மனுப் போடுங்கள் என்றார். எனக்கு நீலம் வந்தது. மீனா மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அவளுக்கும் நீலம். உன் அம்மா மனுவே போடவில்லை. "அவனுக்கு என்ன கலரோ அதான் எனக்கும்," என்று சிவப்போடு இருக்கிறாள், இன்றுவரை.

உன் மாமன் அங்கே கிராமத்து ஆபீசில் நடையாய் நடந்து பத்திரத்தை வாங்குவதற்குள் நீ பரீட்சை முடித்துவிட்டாய். அதை வைத்து நான் போட்ட மனுவுக்கும் பதில் வரவில்லை. இந்த நாட்டில் மாட்டு வைத்தியத்துக்குக் காலேஜ் கிடையாது, வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்க அரசாங்கமே உதவிச் சம்பளம் தருகிறது என்று நீதான் விசாரித்து வந்தாய். நேர்காணலுக்கு உன்னோடு நானும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. மார்க்கைப் பார்த்துச் சிரித்தார்கள், மாடு வளர்க்கிற வீடா என்று கேட்டு இன்னும் சிரித்தார்கள். பிறகு கார்டைக் கேட்டார்கள். சிரிப்பு நின்றதைக் கேட்கமுடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உதவி குடிமக்களுக்கு மட்டும்தான். அவர்கள் சட்டத்தை அவர்கள் சொன்னார்கள், யாரையும் நான் குறை சொல்லவில்லை. வெளியே வந்து உனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தேன், சின்னப் பிள்ளைக்கு வாங்கித் தருவதுபோல. என்னால் சாப்பிடமுடியவில்லை. "பரவால்லப்பா, ஐஸ் கரையுது, சாப்புடுங்க," என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. செமாபோக் வரை பால் ஊற்றிவிட்டு வெயிலில் திரும்பும்போது பக்கத்தில் யாரோ அதைச் சொல்வதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன்.

இங்கே தாமதமாக வந்து உதவாத அதே பத்திரம்தான் அங்கே உனக்குக் கதவைத் திறந்தது. இப்போது அந்தக் கதவிலும் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள். நீ போகும்போது உன் கையில் கொடுத்த பயணத்தாளை அன்று என்னால் படிக்கமுடியவில்லை. அதில் உன் பெயர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, எந்த நாட்டுக்காரன் என்று மட்டும் இல்லை என்று நீ சொன்னபோது, அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட தாளும் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் பேச்சே வேறில்லை. உன் அம்மா சொல்வது இது: "படிச்சது போதும். வந்து பால் ஊத்தட்டும், இல்ல துறைமுகத்துல மூட்டை தூக்கட்டும். கையெழுத்துப் போட்டுட்டு அங்கயே நின்னுட்டான்னா நாளைக்கு உங்களுக்குக் கொள்ளி வைக்க யாரு வருவா? விசா வாங்கிட்டு வருவானா? அதுவரைக்கும் ஐஸ்ல வச்சிருப்பீங்களா உங்கள?" மீனா, "நான் வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அடி வாங்கினாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாக் வேலு என்னைப் பார்த்து, "கவலப்படாதே, நான் மூத்தவன், நான்தான் மொதல்ல போவேன், எனக்கு நீ வந்து தூக்கு," என்றார். உன் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் எழுந்து பின்பக்கம் போனாள்.

எனக்கும் முதலில் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. வந்துவிடு என்று எழுதத்தான் இந்தத் தாளை வாங்கினேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பையன் வந்து நிற்கிறான். நீ போனதிலிருந்து மறுபடி வர ஆரம்பித்திருக்கிறான். உன்னோடு அவன் வளரவில்லை, அதே உயரம், அதே கன்றின் வால். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது. உன்னை வந்துவிடு என்று கூப்பிடுவது அவன்தான். இந்த வீட்டில், இந்த வாசலில், இந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்கவேண்டும் என்று கேட்பது அவனுக்காக நான் வளர்த்த ஆசை. அவனுக்கு எந்தக் கார்டும் தேவைப்படவில்லை, எந்தக் காலேஜும் தேவைப்படவில்லை. அவன் ஒரு மாட்டைக்கூடப் பிழைக்கவைக்க மாட்டான். அவன் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. நீ எழுதுகிறாய். அவன் இடத்தை நிரப்ப உன்னை இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தினால், நான் ஆட்டிய வெறும் தூளியை இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

அதனால் நன்றாகக் கேள். கையெழுத்துப் போடு. இந்தியக் குடிமகன் என்று எழுதிக்கொடு. அது பொய் இல்லை, நீ பிறந்தது அங்கேதான், உன் அம்மா அதற்காகச் சர்க்காரோடேயே மல்லுக்கு நின்றாள். படிப்பை முடி. எங்கே பிறந்தாய் என்று எவன் கேட்டாலும் தலையைக் குனியாதே, நிமிர்ந்து இடத்தின் பெயரைச் சொல். மாமன் வீட்டில் சாப்பிட்ட தட்டை நீயே கழுவு, மாமி வேண்டாம் என்றாலும் கழுவு. பட்டம் வாங்கிய பிறகு எந்த நாட்டு மாடாக இருந்தால் என்ன, எல்லா மாட்டுக்கும் முட்டி முட்டிதான், கணுக்கால் கணுக்கால்தான். நாளைக்குச் சட்டம் மாறினால் நல்லது. மாறாவிட்டால், பார்வையாளன் என்று முத்திரை குத்திக்கொண்டு வா. குத்தியவர்களுக்குத் தெரியாவிட்டாலும் இந்தத் தெருவுக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆகி நீ வரமுடியாமல் போனால், அதை நினைத்து அழுதுகொண்டிருக்காதே. மீனா அடி வாங்கிய பேச்சு அவ்வளவு மோசமான பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை எழுதியபோது உன் அம்மா வந்து நின்றாள். "இத்தன நாளா என்னத்த எழுதுறீங்க? படிங்க," என்றாள். முதல்தடவையாக நான் படிக்க அவள் கேட்டாள். தூளியைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். தாண்டவில்லை. அவள் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். 'கையெழுத்துப் போடு' என்ற இடம் வந்ததும் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடுவாள் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கிழிக்கவில்லை. கேட்டாள்:

"அந்தத் திரும்பி வர்ற பெர்மிட்டு இன்னும் செல்லுந்தானே?"

செல்லும் என்றேன்.

"லீவு எப்ப?"

கோடையில் என்றேன்.

"அப்ப கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவ வரச் சொல்லுங்க. பெர்மிட்டு இருக்கும்போதே வந்து, எல்லாரையும் போல வரிசையில நின்னு, உள்ள வரட்டும். நம்ம சோத்தத் தின்னுட்டுப் போய் அப்புறம் போடட்டும், என்ன எழவுக் கையெழுத்தோ அத."

இதை எழுதும்போது அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். எழவு என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்கிறாள், நான் எடுக்கமாட்டேன் என்கிறேன். தம்பி, அவள் சொன்னதுதான் என் முடிவும். அங்கே கட்டணத்தை நினைத்துக்கொண்டு இங்கே டிக்கெட்டை நினைக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலையில் புக்கிட் பாருவுக்குப் பால் ஊற்றிவிட்டு அப்படியே கப்பல் ஏஜெண்டின் கடைக்குப் போகிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் நாட்களை நானே பார்த்து, எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். நீ பெட்டியைக் கட்டிவை. பார்க்க வருகிறவனாக இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். இந்த ஒரு தடவை, வீட்டுக்கு வருகிறவனாக வா.

உன் அப்பா